பேசியிருக்கலாம்: முன்பின் தெரியாதவரிடம் நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

எதிர் இருக்கையில் இருந்தவர் ஒரு புத்தகத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். நான்கு மணி நேர ரயில் பயணம். மடியில் பழைய துணியை விரித்து, முதுகு பிய்ந்துபோன தடித்த புத்தகத்தை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். நூலை மெழுகுக் கட்டியில் ஒரு இழுப்பு இழுப்பார். ஊசியில் கோர்ப்பார். தாள்கட்டின் மடிப்புக்குள் ஊசியை விட்டு, அடுத்த துளை வழியாக வெளியே எடுத்து, மெதுவாக இறுக்குவார். வண்டி குலுங்கும்போது மட்டும் கை நிற்கும். குலுக்கல் அடங்கியதும் மறுபடி தொடங்கும்.

கேட்பதற்கு எனக்கு நிறைய இருந்தது. நூலுக்கு ஏன் மெழுகு? இது யாருடைய புத்தகம்? தொழிலே இதுதானா, ஆசைக்குச் செய்வதா? எதையும் கேட்கவில்லை. 'வேலையாக இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது' என்று முதல் ஒரு மணி நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'இவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்டால் என்ன நினைப்பார்' என்று அடுத்த மூன்று மணி நேரம். அவர் இறங்கப் போனபோது, "ஐயா, குடையை விட்டுட்டீங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். "நல்லவேளை, நன்றி தம்பி" என்று முகம் முழுக்கச் சிரித்தார். அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது. இருக்கையில் ஒரு விரல் நீளத்துக்கு மெழுகு நூல் கிடந்தது.

இதுபோல ஒன்று உங்களுக்கும் இருக்கும். காத்திருப்பு அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தினமும் அதே நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வருபவர், பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர். பேச வேண்டும் என்று தோன்றியும் பேசாமல் வந்தோம். வந்த பிறகு, 'பேசியிருக்கலாமே' என்று தோன்றியது. இதை நம் சுபாவத்தின் குறை என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். 'எனக்குக் கூச்சம் அதிகம்', 'எனக்குப் பேச வராது' என்று முடித்துவிடுகிறோம். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உளவியலாளர்கள் இதைத் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. கூச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு ஒரு தப்புக்கணக்குக்கு. எதிரில் இருப்பவரின் மனதில் என்ன இருக்கிறது என்று நாம் போடும் கணக்கு தப்பாகிறது. அதிலும், எப்போதும் ஒரே பக்கமாகத் தப்பாகிறது.

சிகாகோ ரயிலில் நடந்தது

2014-இல் நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகாகோவுக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் நடத்திய சோதனை அது. பயணிகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், 'இன்று வண்டியில் பக்கத்தில் வரும் யாராவது ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள்' என்றார்கள். இரண்டாம் குழுவிடம், 'யாரோடும் பேசாமல் தனியாக இருங்கள்' என்றார்கள். மூன்றாம் குழுவிடம், 'வழக்கம்போல் போங்கள்' என்றார்கள். இறங்கிய பிறகு, பயணம் எப்படி இருந்தது என்று ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

பேசியவர்களின் பயணம்தான் மற்ற எல்லோருடையதையும்விட இனிமையாக இருந்தது. அதே வழியில் போகும் வேறு சில பயணிகளிடம், 'இந்த மூன்றில் எது உங்களுக்குப் பிடிக்கும்?' என்று செய்யச் சொல்லாமல் வெறுமனே கேட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னது நேர் எதிர்: தனியாக இருப்பதுதான் நன்றாக இருக்கும், அந்நியரிடம் பேசுவதுதான் மோசமாக இருக்கும். செய்து பார்த்தவர்களின் அனுபவம் ஒரு திசையில், செய்யாமல் ஊகித்தவர்களின் கணிப்பு எதிர்த் திசையில்.

இந்த ஆய்வில் என்னை நிறுத்திய இடம் வேறு. 'சக பயணிகளில் எத்தனை பேர் உங்களோடு பேச விரும்புவார்கள்?' என்று கேட்டபோது, பாதிக்கும் குறைவானவர்களே விரும்புவார்கள் என்றுதான் சராசரியாகச் சொன்னார்கள். அப்படியானால் பேசப் போனவர்களில் பலர் மூக்குடைபட்டிருக்க வேண்டும். ஆனால் பேச்சுக் கொடுத்த ஒருவரையும் எதிரில் இருந்தவர் உதறித் தள்ளவில்லை. இதே ஆய்வின் இன்னொரு பகுதியை ஒரு காத்திருப்பு அறையில் நடத்தினார்கள். அங்கே பேச்சைத் தொடங்கியவருக்கு மட்டுமல்ல, பேசப்பட்டவருக்கும் அந்த நேரம் இனிமையாகவே கழிந்தது. 'நான் பேசினால் அவருக்குத் தொல்லை' என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டியதில்லை.

'அமெரிக்கர்கள் பேசுவார்கள், எல்லா ஊரும் அப்படியா?' என்ற கேள்வி உடனே எழும். எழுந்தது. அதனால் இதே குழு லண்டன் ரயில்களிலும் சோதித்துப் பார்த்து, 2022-இல் முடிவுகளை வெளியிட்டது. யாரும் யாருடனும் பேசுவதில்லை என்று பெயர் வாங்கிய ரயில்கள் அவை. அங்கும் பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. இன்னொன்றும் தெளிவாயிற்று. பேச்சுத் தொடங்கிய பிறகு நன்றாகத்தான் போகும் என்று மக்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கிறது. தொடங்குவது எப்படி, தொடங்க விடுவாரா என்பதில்தான் கவலை மொத்தமும். வீட்டுக்குள் பயமில்லை, வாசற்படி தாண்டத்தான் பயம்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தால்

சரி, எல்லோரும் பேச விரும்புகிறார்கள் என்றால் ஏன் எல்லோரும் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறோம்?

வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கடினமான ஒரு பாடத்தை நடத்தி முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்கிறார். ஒரு கையும் உயரவில்லை. எனக்குப் புரியவில்லை. ஆனால் சுற்றிப் பார்க்கிறேன், எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது போல என்று நானும் கையை உயர்த்தாமல் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவனும் என்னைப் பார்த்து அதையேதான் நினைத்தான். என் அமைதிக்குக் காரணம் பயம் என்று எனக்குத் தெரியும். அவன் அமைதிக்கும் காரணம் அதுவாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றுவதில்லை. இதற்கு 1931-இல் டேனியல் காட்ஸ், ஃபிளாய்ட் ஆல்போர்ட் என்ற உளவியலாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் 'பன்மை அறியாமை' என்று சொல்லிப் பார்க்கலாம். பெயர் கொஞ்சம் கரடுமுரடுதான். எல்லோரும் சேர்ந்து ஒரே தப்புக்கணக்கைப் போடுவது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ரயில் பெட்டியிலும் இதுதான் நடக்கிறது. நான் பேசாமல் இருப்பது தயக்கத்தால். அவர் பேசாமல் இருப்பது விருப்பமில்லாததால். இப்படித்தான் நான் நினைக்கிறேன். அவர் பக்கம் போய்ப் பார்த்தால், இதே இரண்டு வாக்கியங்கள் இடம் மாறி நிற்கும். புத்தகம் தைத்தவர் நான்கு மணி நேரத்தில் மூன்று நான்கு முறையாவது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்?

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பொது இடத்தில் அந்நியரைக் கண்டால் ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறோம். 'நீங்கள் இருப்பதைக் கவனித்தேன், உங்களுக்குத் தொல்லை தர மாட்டேன்' என்று சொல்லாமல் சொல்வது அது. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் இதை விரிவாக எழுதினார். அவர் வைத்த பெயரை 'நாகரிகமான பாராமுகம்' என்று தமிழில் சொல்லலாம். நல்ல பழக்கம்தான். அது இல்லாவிட்டால் கூட்டத்தில் நிற்கவே முடியாது. சிக்கல் எங்கே என்றால், மரியாதைக்காகக் காட்டும் பாராமுகத்தையும் பிடிக்காமல் காட்டும் பாராமுகத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. அவர் மரியாதை காட்டுகிறார். நான் அதை வெறுப்பாகப் படிக்கிறேன்.

பேசிய பிறகும் தொடரும் தப்புக்கணக்கு

பேசிவிட்டால் கணக்குத் திருந்திவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி முழுமையாகத் திருந்துவதில்லை.

எரிக்கா பூத்பி, கஸ் கூனி, ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், மார்கரெட் கிளார்க் ஆகிய நால்வர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இது. அறிமுகமில்லாத இருவரைச் சில நிமிடங்கள் பேசவிட்டார்கள். பிறகு தனித்தனியாக இரண்டு கேள்விகள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது? அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும்? முதல் கேள்விக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டவர்கள் இரண்டாவதற்குக் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். இருவரும் அப்படியே செய்தார்கள். அதாவது, நாம் நினைப்பதைவிட நம்மை எதிரில் இருப்பவருக்குக் கூடுதலாகவே பிடித்திருக்கிறது. இதை விருப்ப இடைவெளி என்று சொல்லலாம். ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டுக் கல்லூரி மாணவர்களிடமும் இதைப் பார்த்தார்கள். ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தும் அந்த இடைவெளி பல மாதங்களுக்கு நீடித்தது.

ஏன் இப்படி? பேசும்போது நம் கவனத்தில் பாதி நம்மீதே இருக்கிறது. 'ஐயோ, அந்த இடத்தில் உளறிவிட்டேன்', 'அவர் சொன்னதற்குச் சிரித்திருக்க வேண்டும்' என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. அவருக்கும் அவருடைய குரல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நாம் கேட்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனை இதற்குப் பொருந்தும். போட்டுக்கொள்ளக் கூசும்படியான ஒரு பனியனை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நம் அசட்டுத்தனம் நமக்குத்தான் மலையாகத் தெரிகிறது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அவர் பேச விரும்ப மாட்டார் என்று நினைத்து நாம் பேசுவதில்லை. பேசாததால் அந்த நினைப்புச் சரியா தப்பா என்று தெரியவே வாய்ப்பில்லை. எப்போதாவது பேசிவிட்டாலும், 'அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது' என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அடுத்த முறைக்கான தயக்கம் அங்கேயே முளைவிடுகிறது. மற்ற விஷயங்களில் தப்புச் செய்தால் உலகம் நம்மைத் திருத்திவிடும். உப்பு அதிகமானால் நாக்கு சொல்லும். இந்தத் தப்பில் மட்டும் திருத்துகிற நாக்கு இல்லை. ஏனென்றால் நாம் சுவைத்தே பார்ப்பதில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நாளாக ஆக இறுகும் மௌனம்

தினமும் பார்க்கிறோம், ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை என்கிற முகங்கள் எல்லோருக்கும் உண்டு. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரம் 1972-இல் இவர்களைப் பற்றி எழுதினார். அவர் வைத்த பெயருக்கு 'முகம் தெரிந்த அந்நியர்' என்பது பொருந்தும். அவருடைய மாணவர்கள் ஒரு ரயில் நிலைய நடைமேடையில் காலை நேரக் கூட்டத்தைப் படம் எடுத்தார்கள். சில நாள் கழித்து அந்தப் படத்தை அதே பயணிகளிடம் கொடுத்து, 'இதில் யார் யாரைத் தெரியும்?' என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, பேசியே இராத ஒரு முகத்தையாவது அடையாளம் காட்டினார்கள். சராசரியாக ஒவ்வொருவருக்கும் அப்படி நான்கு முகங்கள் தெரிந்திருந்தன. அவர்களைப் பற்றிப் பலர் யோசித்தும் இருக்கிறார்கள். என்ன வேலை பார்ப்பார், எப்படி வாழ்கிறவர் என்றெல்லாம்.

மில்கிரம் கவனித்த இரண்டு விஷயங்கள் என்னால் மறக்க முடியாதவை. முதலாவது, பேசாமல் கழிந்த காலம் கூடக் கூட, பேசுவது கடினமாகிறது. முற்றிலும் புதியவரிடம் வழி கேட்பது எளிது. மூன்று வருடமாகப் பக்கத்தில் நின்றவரிடம் நேரம் கேட்பது கடினம். ரயிலில் என் முதல் ஒரு மணி நேரத்தின் தயக்கத்துக்கும் அடுத்த மூன்று மணி நேரத்தின் தயக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலில் அவரை நினைத்துத் தயங்கினேன். அப்புறம் என் மௌனமே எனக்குத் தடையாக உட்கார்ந்துகொண்டது. அதனால், பேசத் தோன்றினால் முதல் ஓரிரு நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு சின்ன வார்த்தையைச் சொல்லிவிடுவது நல்லது. "இங்கே யாராவது உட்கார்ந்திருக்காங்களா?" என்பதுகூடப் போதும். பிறகு ஒரு மணி நேரம் கழித்துப் பேசினாலும், அது தொடர்ச்சியாக இருக்கும்.

இரண்டாவது, இடம் மாறினால் பூட்டுத் திறந்துகொள்கிறது. நடைமேடையில் வருடக்கணக்காகப் பேசாத இருவர் வேறோர் ஊரில் தற்செயலாகச் சந்தித்தால் ஓடிப்போய்ப் பேசுவார்கள். அங்கே அவர் மட்டும்தான் தெரிந்த முகம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

இதனால் என்ன இழக்கிறோம்?

ஓர் அந்நியரோடு ஐந்து நிமிடம் பேசாமல் விட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு தடவை விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாழ்நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருந்தால் நிறையப் போகிறது.

1973-இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். நெருங்கிய நண்பர்களைவிட, அவ்வப்போது பார்க்கும் மேலோட்டமான அறிமுகங்கள் வழியாகத்தான் வேலை வாய்ப்புகள் போன்ற புதிய செய்திகள் அதிகம் வருகின்றன என்று காட்டினார். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். இந்த மெல்லிய உறவுகள் ஒவ்வொன்றும் என்றோ ஒரு நாள் இரண்டு அந்நியர்களுக்கிடையே நடந்த ஒரு சின்னப் பேச்சில்தான் தொடங்கியிருக்கும். பயனை விட்டுவிட்டு மனநிலையை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோமும் எலிசபெத் டன்னும் செய்த ஆய்வுகள் உண்டு. காபிக் கடையில் காபி தருபவரிடம் முகம் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், பேசாமல் வாங்கிக்கொண்டு போனவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள். தாங்களும் இந்த உலகத்தோடு சேர்ந்தவர்கள் என்ற உணர்வும் அவர்களுக்குக் கூடியிருந்தது.

அப்புறம் அந்த 'பேசியிருக்கலாமே'. அது ஏன் இவ்வளவு நாள் கூடவே வருகிறது? கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1995-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உடனடி வருத்தம் பெரும்பாலும் செய்துவிட்டதைப் பற்றியது. வருடங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது வரும் வருத்தம் செய்யாமல் விட்டதைப் பற்றியது. எனக்குத் தோன்றும் காரணம் இது: உளறிக் கொட்டியது ஒரு நாளில் ஆறிவிடும், அதற்கு முடிவு ஒன்று இருக்கிறது. கேட்காமல் விட்ட கேள்விக்கு முடிவு கிடையாது. நூலுக்கு ஏன் மெழுகு என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். நூல் சிக்காமல் இருக்க, துளை வழியாக வழுக்கிப் போக, தாளை அறுக்காமல் இருக்க. பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் வாயால் கேட்டிருந்தால், அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னும் என்னென்ன வந்திருக்கும்?

எப்படித் தொடங்குவது?

புத்திசாலித்தனமான முதல் வாக்கியம் ஒன்று தேவை என்ற நினைப்பை முதலில் விட்டுவிடலாம். முதல் வாக்கியத்தின் வேலை கதவைத் தட்டுவது மட்டும். இருவருக்கும் பொதுவாகக் கண் முன்னால் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாமதமாகும் வண்டி, திடீர் மழை, வரிசை நகராதது, எதிரில் விளையாடும் நாய்க்குட்டி. வில்லியம் ஒயிட் என்பவர் 1970-களில் நியூயார்க் நகரின் சதுக்கங்களில் மக்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று படமெடுத்தே ஆராய்ந்தார். வித்தைக்காரர் ஒருவரோ, ஒரு சிலையோ நடுவில் வந்தால், அந்நியர்கள் வெகுநாள் பழகியவர்கள்போல் பேசிக்கொள்வதை அவர் கவனித்தார். நான், நீங்கள், நடுவில் ஒரு மூன்றாவது பொருள் என்று முக்கோணமாக நிற்கும்போது, இருவர் கண்ணும் அந்தப் பொருள்மேல் இருக்கும். யாரும் யாரையும் நேருக்கு நேர் அளந்து பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த படிதான் உண்மையில் முக்கியம். அவர் சொன்ன பதிலுக்குள்ளிருந்து இன்னொரு கேள்வி எடுப்பது. ஒருமுறை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் நடந்தது இது:

"ரொம்ப நேரமா காத்திருக்கீங்களாம்மா?"

"ஒரு மணி நேரமாச்சு. பேத்திக்காக வந்தேன், உள்ளே இருக்கா."

இங்கே பலர், 'ஓ, சரி' என்று நிறுத்திவிடுவார்கள். அல்லது, 'நானும் அப்படித்தான், போன வாரம்...' என்று தன் கதைக்குத் தாவிவிடுவார்கள். அன்று எனக்கு எப்படியோ சரியான கேள்வி வந்தது.

"பேத்தி பயப்படலையா?"

"அவளா? நான்தான் பயந்துட்டு வெளியே வந்துட்டேன்."

அதற்கு அப்புறம் நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. சிறு வயதில் அவர் பல் பிடுங்கிய கதை, ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்ட தம்பியின் கதை. 2017-இல் கேரன் ஹுவாங்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. கேள்வி கேட்பவர்களை மக்களுக்குப் பிடிக்கிறது. அதிலும், சொன்ன பதிலைத் தொட்டுக் கேட்கும் தொடர்கேள்விகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. கவனித்துக் கேட்டால்தானே தொடர்கேள்வி வரும்?

முடிப்பதற்கும் ஒரு சொல் தயாராக இருக்கட்டும். மாட்டிக்கொள்வோமோ என்ற பயமே பலரைத் தொடங்கவிடாமல் தடுக்கிறது. "சரிங்க, நான் கொஞ்சம் படிக்கணும். உங்களோடு பேசினதில் சந்தோஷம்" என்பது போதும். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் நூற்றில் இரண்டு அளவில்தான் இருந்தன. எல்லோருமே முடிக்கத் தெரியாமல் திணறுகிறவர்கள்தான். யாராவது ஒருவர் அழகாக முடித்துவைத்தால், மற்றவருக்கு அது உதவி.

பேசக் கூடாத நேரம்

மேலே சொன்னதெல்லாம் சராசரி. சராசரியைக் காட்டி யாரையும் பேச வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. காதில் இயர்போன் மாட்டியிருப்பவர், புத்தகத்தில் மூழ்கியவர், அழுது முடித்த முகத்தோடு இருப்பவர், தூக்கம் கண்ணைச் சுழற்றுபவர் ஆகியோரை விட்டுவிட வேண்டும். பேசிப் பார்த்து ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால், அல்லது பதில் சொன்னதும் உடலைத் திருப்பிக்கொண்டால், அதுவே பதில். இரண்டாம் முறை தட்ட வேண்டாம்.

ஓர் ஆணாக இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஆண் பேச்சுக் கொடுத்தால், பல பெண்களுக்கு அது வெறும் பேச்சாக இருப்பதில்லை. எதில் போய் முடியுமோ என்ற கணக்கும் கூடவே ஓடும். அது தப்புக்கணக்கு அல்ல. பட்டு அறிந்த கணக்கு. இருட்டிய தெரு, ஆளில்லாத பெட்டி, இருவர் மட்டும் இருக்கும் லிஃப்ட் போன்று அவர் எழுந்து போக முடியாத எந்த இடத்திலும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதுதான் மரியாதை. சுற்றிலும் ஆட்கள் இருக்கிற, அவர் நினைத்தால் நகர்ந்துவிட முடிகிற இடத்தில் பேசலாம். அப்போதும் ஊர், பெயர், வேலை செய்யும் இடம் என்று விசாரிக்கத் தேவையில்லை. எதிரில் இருக்கும் விஷயத்தைப் பேசினால் போதும்.

ஒரு தடவை போதாது

'சரி, ஒருமுறை பேசினேன், நன்றாகவே போனது. ஆனாலும் அடுத்த நாள் பழைய தயக்கம் அப்படியே இருக்கிறதே' என்று ஒரு நண்பர் சொன்னார். அது இயல்புதான். ஒரு நல்ல அனுபவத்தை மனம் விதிவிலக்காக ஒதுக்கிவிடும். 'அன்றைக்கு அவர் நல்ல மனுஷர், அதனால் பேசினார்' என்று. சாண்ட்ஸ்ட்ரோம், பூத்பி, கூனி மூவரும் இதற்காகவே 2022-இல் ஒரு முறையைச் சோதித்து வெளியிட்டார்கள். புதையல் வேட்டை மாதிரியான ஒரு விளையாட்டு. ஒரு வாரத்துக்குத் தினமும், குறிப்பிட்ட அடையாளம் உள்ள ஓர் அந்நியரைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளும் அவர்களுடைய எதிர்பார்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக நிஜத்தை நெருங்கியது. உதறிவிடுவார்களோ என்ற பயம் குறைந்தது, தனக்குப் பேச வரும் என்ற நம்பிக்கை கூடியது. சோதனை முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் அந்த மாற்றம் அப்படியே இருந்தது. நீச்சல் மாதிரிதான் இதுவும். ஒருமுறை தண்ணீரில் குதித்து எழுந்ததை வைத்து நீந்தத் தெரியும் என்று சொல்ல முடியாது.

அப்படியே நானும் என் பங்குக்கு ஒரு வாரம் செய்து பார்த்தேன். ஏழு நாளில் ஐந்து நாள்தான் முடிந்தது. அதில் நான்கு பேர் நன்றாகப் பேசினார்கள். ஒருவர் "ம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பினார். அந்த "ம்" வலிக்கும் என்றுதான் இத்தனை வருடமாகப் பயந்திருந்தேன். இரண்டு நிமிடம் முகம் சூடாக இருந்தது. அப்புறம் வண்டி வந்துவிட்டது.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். என் காலை ரயிலில் நரைத்த தாடியோடு ஒருவர் வருவார். எப்போதும் மூன்றாவது பெட்டி, எப்போதும் கதவுக்குப் பக்கத்தில், கையில் குறுக்கெழுத்துப் போட்டியோடு. மூன்று வருடமாகப் பார்க்கிறேன். தலையைக்கூட அசைத்துக்கொண்டதில்லை. போன மாதம் கண் பரிசோதனைக்காக வேறோர் ஊருக்குப் போயிருந்தேன். வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில், சொட்டு மருந்து விட்ட கண்ணை மூடியபடி அவர் உட்கார்ந்திருந்தார். நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா, நீங்க காலையில ஏழரை மணி வண்டிதானே? மூணாவது பெட்டி?"

ஒரு கண்ணை மட்டும் கஷ்டப்பட்டுத் திறந்து பார்த்தார்.

"ஜன்னலோரம் நிப்பீங்களே, அந்தத் தம்பியா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். தினமும் எந்த ஸ்டேஷன்ல இறங்குறீங்க? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிடுறேன், தெரியவே மாட்டேங்குது."

சொன்னேன். அப்படியா என்று தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குள் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். சுவரைத் தடவியபடி எழுந்தவரைக் கையைப் பிடித்துக் கதவு வரை கொண்டுபோய் விட்டேன்.